தும்பி கடித்த சனிக்கிழமை

இது நடந்தது 1982இல், கோப்பெங்கில், ஒரு சனிக்கிழமை மாலை. அன்று என்னைப் பெண் பார்க்க சுங்கை சிப்புட்டிலிருந்து ஐந்து மணிக்கு வருவதாக இருந்தார்கள். அவர்கள் வந்தபோது நான் எங்கே, எந்த நிலையில் இருந்தேன் என்பதுதான் விஷயம். அதற்குப் போகும் முன் ஒரு மெத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஈப்போவில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு அங்கேயே தொலைபேசி இலாகாவில் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். அப்பா அம்மா இல்லை. என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காதான் வளர்த்துப் படிக்க வைத்தாள். அக்கா, அத்தான், அவர்களுடைய எட்டு வயது மகள், நான் என்று நாலு பேரும் கோப்பெங் டவுனைத் தாண்டி, தௌக்கே என்று நாங்கள் அழைக்கும் ஒரு சீன முதலாளியின் தகரக்கூரை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டில் இரண்டே அறை. ஒன்று அக்காவுக்கும் அத்தானுக்கும். இன்னொன்றில் நானும் சின்னவளும் ஒரே இலவம்பஞ்சு மெத்தையில்.

சின்னவள் தூக்கத்தில் ஒன்றுக்குப் போய்விடுவாள். என்றைக்காவது ஒருநாள் அல்ல, அநேகமாக எல்லா நாளும். அவளுக்கு அடுத்து அதிகமாக நனைந்தவள் நான் என்பதால் இதைப் பற்றிப் பேச எனக்கு முழு உரிமை உண்டு.

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் மெத்தையை வெளியே தூக்கிக்கொண்டு போய் வேலியில் சாய்த்து வைப்பது என் பொறுப்பு. யாராவது கேட்டால் 'கூரை ஒழுகுது' என்று சொல்லச் சொல்லியிருந்தாள் அக்கா. இந்தப் பதில் மழைக்காலம் முழுக்க நன்றாகவே வேலை செய்தது. பிறகு மூன்று வாரம் சொட்டு மழை இல்லை. மெத்தை மட்டும் தினமும் வெளியே காய்ந்தது. இது எப்படியோ தௌக்கேயின் காதுக்குப் போய், மனிதர் நல்லவர், ஒரு ஆளைத் தாரோடு அனுப்பி வைத்தார். அந்த ஆள் கூரை மேல் ஏறி அரைநாள் தேடியும் ஓட்டை கிடைக்காமல், வந்த வேலைக்கு மூன்று இடத்தில் தார் பூசிவிட்டுப் போனான். மறுநாள் காலையும் மெத்தை வெளியே. தௌக்கே நேரில் வந்து மெத்தையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், வீட்டுக் கூரைத் தகரம் முழுவதையும் புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டார். அக்கா நன்றி சொல்லிவிட்டு உள்ளே வந்து, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வைத்தியங்கள் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தன. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது செய்ய வேண்டும், அப்போதுதான் எது பலித்தது என்று தெரியும் என்று நான் வரிசை போட்டு வைத்திருந்தேன். என் வரிசையை யாரும் மதிக்கவில்லை. அக்கா எள்ளுருண்டை கொடுத்தாள். அத்தான் சாயங்காலம் ஐந்து மணிக்கே தண்ணீர்ப் பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். அக்கா சர்ச்சின் ஜெபக் கூட்டத்தில், எங்கள் வீட்டில் ஒரு கஷ்டம் இருக்கிறது, வெளியே சொல்ல முடியாது, அது நீங்க வேண்டும் என்று பொதுவாக ஒரு விண்ணப்பமும் வைத்தாள். கூட்டம் அதை அத்தான் குடிக்கிறார் என்று புரிந்துகொண்டது. அடுத்த ஞாயிறு இரண்டு மூப்பர்கள் வீட்டுக்கு வந்து அத்தானை நடுவில் உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார்கள். அத்தான் வாழ்க்கையில் மைலோவைத் தாண்டி எதுவும் குடித்தவரில்லை. அக்கா கண் காட்டியதால், இனிமேல் குடிக்க மாட்டேன் என்று அவரும் சொல்லி வைத்தார்.

கடைசியில் நான் லீவு போட்டு அவளை ஈப்போவில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அக்காவும் அத்தானும் கூடவே வந்தார்கள். டாக்டர் அம்மா பரிசோதித்துவிட்டு, சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றார். சிறுநீர்ப்பை நிறைந்ததும் அங்கிருந்து நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போக வேண்டும். தூக்கத்திலும் மூளை அதைக் கேட்டு, பொறு என்று நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஆளை எழுப்ப வேண்டும். இந்த ஏற்பாடு சில பிள்ளைகளுக்குச் சீக்கிரம் முற்றும், சிலருக்குத் தாமதமாகும். திட்டினால் நரம்பு வேகமாக வளரப்போவதில்லை. பெரும்பாலும் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் இருந்திருக்கும் என்றார். அக்கா உடனே அத்தானைப் பார்த்தாள். அத்தான் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்புப் படத்தை மிகுந்த ஈடுபாட்டோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

காத்திருங்கள் என்பதுதான் டாக்டரின் வைத்தியம். காத்திருப்பது ஒரு மருந்தா, அதற்கு எதற்கு பஸ் காசு என்று அக்கா வழியெல்லாம் முணுமுணுத்தாள். சின்னவள் என் பக்கத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி தொலைபேசிதான். உன் உடம்பில் லைன் போட்டாகிவிட்டது, கம்பியிலும் பழுதில்லை, எக்ஸ்சேஞ்சில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற ஆப்பரேட்டர்தான் இன்னும் வேலைக்குச் சேரவில்லை என்றேன்.

"எப்ப சேருவாங்க?"

"ஆர்டர் போயிருச்சு. வந்துருவாங்க."

அதற்குப் பிறகு காலையில் அவள் அழுவதை நிறுத்திவிட்டாள். எழுந்து உட்கார்ந்து, ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, "சின்னம்மா, ஆப்பரேட்டர் வரலை" என்று அலுவலகத்தில் சொல்கிற மாதிரி சொல்வாள். நான் மெத்தையைத் தூக்குவேன்.

ஆனால் பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர் போய்விடும். அவள் வகுப்பில் ஒரு பையன் ஒருநாள் வகுப்பிலேயே நனைத்துவிட்டான். அன்றிலிருந்து அவன் பெயர் 'பைப்பு'. வாத்தியார்கூட ஒருமுறை மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டாராம். தன் விஷயம் பள்ளியில் ஒருவருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் அதோடு பள்ளிக்குப் போகமாட்டேன் என்று சொல்லி, என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் செய்கிற பிள்ளை.

வெளிநாட்டில் இதற்கு மணி அடிக்கிற ஒரு கருவி உண்டு என்று டாக்டர் பேச்சுவாக்கில் சொன்னது என் மனதில் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தெரிந்த தொழில்தானே. சமையலறை அலுமினியத் தாள் இரண்டு, நடுவில் ஒரு துணி, ஒரு டார்ச் லைட் பேட்டரி, கழித்துப்போட்ட ஒரு கருவியிலிருந்து எடுத்த பஸ்ஸர். துணி நனைந்தால் மின்சுற்று சேர்ந்து பஸ்ஸர் கத்தும். முதல் ராத்திரியே அது கச்சிதமாக வேலை செய்தது. அக்கா எழுந்தாள், அத்தான் எழுந்தார், நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எழுந்தார், அவருடைய கோழிகள் அத்தனையும் எழுந்தன. சின்னவள் மட்டும் எழவில்லை. நான் பஸ்ஸரை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு சுகமாகத் தூங்கினாள். டாக்டர் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

மறுநாள் மக்சிக் வேலியோரம் வந்து, நேற்று என்ன சத்தம் என்று கேட்டார். கூரை என்று நான் ஆரம்பித்ததும் கையை ஆட்டி நிறுத்தினார். ஆறு பிள்ளை பெற்றவரிடம் கூரைக் கதை எடுபடாது. முதல் நாளே அவருக்குத் தெரியுமாம், கேட்பது மரியாதையில்லை என்று இருந்தாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, அவர்கள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இதற்கென்றே இருக்கிற வைத்தியத்தைச் சொன்னார். உயிரோடு ஒரு தும்பியைப் பிடித்து, பிள்ளையின் தொப்புளில் கடிக்க விட வேண்டும். ஒரு கடி போதும். அவருடைய மூன்றாவது மகனுக்கு அப்படித்தான் நின்றதாம்.

நான் சிரிக்கவில்லை. மனதுக்குள் என் வரிசையின் கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில் அதை வைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த சின்னவள் அன்று முழுக்கத் தொப்புளைக் கையால் மூடிக்கொண்டே நடந்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இனி அந்தச் சனிக்கிழமை.

சம்பந்தம் சின்னவளின் வகுப்பாசிரியை மூலமாக வந்திருந்தது. அவளைப் பள்ளியில் விடப் போகும்போது டீச்சர் என்னைப் பார்த்திருக்கிறார். தன் அண்ணனுக்குப் பிடித்துப்போகும் என்று தோன்றி அக்காவிடம் பேசியிருக்கிறார். அண்ணனுக்கு மின்சார இலாகாவில் வேலை. அவருக்கும் கம்பி, உனக்கும் கம்பி, இதற்கு மேல் என்ன பொருத்தம் வேண்டும் என்றாள் அக்கா. எனக்கும் போட்டோ பிடித்திருந்தது. அக்காவுக்கு இது நடந்தே ஆக வேண்டும். எனக்குக் கல்யாணம் ஆகாமல் தான் செத்துப்போனால் மேலே அம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவள் கேட்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கடைசி நேரத்தில் நான் ஏதாவது வேலையில் உட்கார்ந்துவிடுவேன் என்று பயந்து, மூன்று மணிக்கே எனக்குச் சேலை கட்டிவிட்டு வடை சுடப் போனாள் அக்கா. மழை பெய்து விட்டிருந்தது. நான் அறையில் உட்கார்ந்திருந்தேன். சின்னவள் வந்து வாசலில் நின்றாள். வரப்போவது தன் டீச்சர் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர் வர்றதுக்குள்ள தும்பி கடிச்சிரணும்" என்றாள்.

டீச்சர் இந்த அறைக்குள் வரமாட்டார், மெத்தையை மடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கணக்கு வேறு. டீச்சர் சொந்தக்காரர் ஆகிவிட்டால் அடிக்கடி வருவார். அடிக்கடி வந்தால் ஒருநாள் வேலியில் மெத்தையைப் பார்ப்பார். பார்த்தால் திங்கட்கிழமை வகுப்பில் 'பைப்பு' இரண்டு பேர். அதற்குள் இது நின்றாக வேண்டும். பிழை சொல்ல முடியாத கணக்கு. ஒரே ஒரு நிபந்தனையும் வைத்தாள்: "முதல்ல உங்களுக்குக் கடிக்கட்டும். வலிக்கலைன்னா எனக்கு."

மணி நாலு ஆகவில்லை. தும்பியால் கெடுதல் ஒன்றும் இல்லை. பிள்ளை இதுவரை எந்த வைத்தியத்தையும் தானாகக் கேட்டதில்லை. இப்படியெல்லாம் வரிசையாக யோசித்துவிட்டு, பத்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று மக்சிக்கைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் பழைய ஈயக் குட்டை ஒன்று இருந்தது. ஈயம் எடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன பெரிய பள்ளம்; தண்ணீர் நிறைந்து ஏரி மாதிரி கிடக்கும். கரையெல்லாம் வெள்ளை மணல், கோரைப்புல். மழை விட்ட நேரம் என்பதால் புல் நுனிக்கு ஒன்றாகச் சிவப்புத் தும்பிகள். மக்சிக் சாரோங்கைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்பக்கமாக மெல்லப் போய், இரண்டு விரலால் ஒன்றின் சிறகை அலுங்காமல் பிடித்தார். உட்கார்ந்தால் வயிறு மடிகிறது, படு என்றார். உரச்சாக்கு ஒன்று கிடந்தது. அதை விரித்துப் படுத்தேன். சேலை கட்டியிருந்தது இந்த வேலைக்கு மிகவும் வசதியாகப் போய்விட்டது. சின்னவள் பக்கத்தில் மண்டியிட்டு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மக்சிக் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே தும்பியைக் கீழே இறக்கினார்.

கடித்தது. எறும்புக் கடியைவிடக் கொஞ்சம் அதிகம். வலிக்கவில்லை என்று சொல்ல வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தும், 'ஆ' என்று சத்தமாகவே வந்துவிட்டது.

"இந்தப் பக்கம் ரோடு முடிஞ்சிருச்சாக்கா? வீட்டு வரிசைக்கு எப்படிப் போறது?" என்று தலைக்கு மேலே ஒரு ஆண்குரல் கேட்டது.

மழைக்குப் பயந்து அவர்கள் சீக்கிரமே கிளம்பியிருக்கிறார்கள். சந்திப்பில் ஒரு திருப்பம் தவறி, மணல் பாதையில் குட்டைக் கரைக்கே வந்துவிட்டார்கள். நான் படுத்தபடியே அண்ணாந்து பார்த்தேன். போட்டோவில் இருந்த முகம், தலைகீழாக. அவர் என்னைப் பார்த்தார், தும்பியைப் பார்த்தார், உடனே இரண்டடி பின்னால் போனார். அவருக்குப் பின்னால் காரின் இரண்டு கதவும் திறந்தன. ஒன்றிலிருந்து டீச்சர். இன்னொன்றிலிருந்து அவர்களுடைய அம்மா.

"வணக்கம் டீச்சர்" என்றாள் சின்னவள், வகுப்பில் சொல்கிற அதே ராகத்தில். அவளுக்குப் பழக்கம், தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று விளங்கி, என் பின்னால் வந்து சேலை மடிப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் அதற்குள் எழுந்து நின்றிருந்தேன். முதுகெல்லாம் மணல்.

வேறு ஊராக இருந்தால் இதை எப்படியாவது சமாளித்திருக்கலாம். பூச்சி ஆராய்ச்சி என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டியவர். அடுத்த வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க் கம்பம். தொப்புளில் தும்பி என்றால் என்ன என்பது அவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. எங்கள் யாரையும் கேட்காமல் நேராக மக்சிக்கிடம், யாருக்கு என்று மலாயில் கேட்டார்.

மக்சிக் பொய் சொல்லிப் பழகாதவர். வாயைத் திறந்தார். என் இடுப்புக்குப் பின்னால் சேலை மடிப்பு இறுகுவது எனக்குத் தெரிந்தது. டீச்சர் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, புன்னகையோடு சின்னவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத்தான்" என்றேன்.

மக்சிக்கின் வாய் திறந்தபடியே நின்றது. தும்பி அவர் விரலிலிருந்து நழுவிப் பறந்துபோனது. நான் மணலைத் தட்டிக்கொண்டு, வீடு இந்தப் பக்கம், வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். கார் எனக்குப் பின்னால் மெதுவாக ஊர்ந்து வந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை நானே வழிகாட்டி வீட்டுக்குக் கூட்டிவந்து சேர்த்தேன்.

வீட்டில் அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. நான் பின்பக்கமாகப் போய் முகம் கழுவிவிட்டு, புதிதாக வருகிறவள் மாதிரி டீத் தட்டோடு வந்தேன். நல்லபடியாகத்தான் தொடங்கியது. பிறகு அந்த அம்மா, நீ நல்லா தூங்குவியாமா என்று என்னைக் கேட்டார். பெண் பார்க்கும் இடத்தில் கேட்கிற கேள்வி இல்லை. ஆனாலும் அக்காவுக்கு என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒரு வாய்ப்பு.

"படுத்தா கட்டைதாங்க. இடி விழுந்தாலும் எழும்ப மாட்டா. ஒரு கவலை கிடையாது" என்றாள்.

அந்த அம்மா மெதுவாகத் தலையாட்டினார். வீட்டு வேலையெல்லாம் செய்வாளா என்று டீச்சர் பேச்சை மாற்றப் பார்த்தார். அக்கா விடவில்லை.

"அவளைப் போல சுத்தம் யாரு? காலையில எழுந்ததும் மொத வேல, மெத்தையத் தூக்கிட்டுப் போய் வெளிய காயப் போட்டுருவா. ஒரு நாள் தவறினது இல்ல."

அத்தானுக்கு இங்கேதான் ஆபத்து தெரிந்தது. மெத்தை என்ற சொல் வந்துவிட்டால் அடுத்து விருந்தாளிகள் காரணம் கேட்பார்கள் என்று அவசரமாக உள்ளே புகுந்து, எங்கள் வீட்டுக் கூரை ரொம்ப ஒழுகும் என்றார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். புத்தம்புதிய தகரம் பளபளத்தது.

நான் என் டீயைக் கையில் எடுத்தேன். அந்த அம்மா எழுந்து வந்து, கோப்பையை என் கையிலிருந்து மிக மென்மையாக வாங்கி மேசையில் வைத்தார். "சாயங்காலத்துல வேணாம்யா" என்றார். அக்கா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு, மாமியார் இப்போதே எவ்வளவு அக்கறை என்று கண் கலங்கிவிட்டாள்.

பிள்ளைகள் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று எங்களை வெளியே அனுப்பினார்கள். கொய்யா மரத்தடியில் நின்றோம். அவர்தான் முதலில் பேசினார். டாக்டரிடம் காட்டினீர்களா என்றார். காட்டியாகிவிட்டது என்றேன். யாருக்கு என்று சொல்லாமல், டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். லைன், கம்பி, எக்ஸ்சேஞ்ச், இன்னும் வேலைக்குச் சேராத ராத்திரி ஆப்பரேட்டர் எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "எனக்கு அந்த ஆப்பரேட்டர் ஆறாம் வகுப்புலதான் வந்தாரு" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கொய்யா இலை ஒன்றைக் கிள்ளிக்கொண்டிருந்தார். எள்ளுருண்டை, தாயத்து, தும்பி ஒன்றும் பாக்கியில்லையாம். தும்பி வைத்தியத்தில் தனக்கு மிஞ்சியது தும்பி என்றால் வருகிற பயம் மட்டும்தான் என்றார். குட்டைக்கரையில் இரண்டடி பின்னால் போனது என்னைப் பார்த்து அல்லவாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அது உங்களுக்கு இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்களுக்குப் பின்னால ஒரு மூஞ்சி இருந்துச்சு. அந்த மூஞ்சிய நான் கண்ணாடியில நெறைய நாளு பார்த்திருக்கேன்."

எதற்கும் ஒரு வரிசை வைத்திருக்கிற எனக்கு அன்று ஒன்றும் தோன்றவில்லை. உங்கள் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். சொன்னால் தங்கைக்குப் போகும், தங்கை டீச்சர். அவர் சிரித்தார். அம்மா வாயில் எதுவும் தங்காது, அதனால் நான் சொல்லவே மாட்டேன், ஆனால் உங்களைப் பற்றி இப்போது அவருக்குத் தெரிந்தது எங்கெல்லாம் போகுமோ தெரியாது, அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும் என்றார். தயார் என்றேன். தயாராக இல்லை.

அடுத்த வாரம் சம்மதம் என்று ஆள் வந்தது. அந்த மாதமே நிச்சயம். தட்டுகளில் சேலை, வேதாகமம், ஆரஞ்சுப் பழம் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அந்த அம்மா என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பையிலிருந்து பழைய சேலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்துப் பார்த்தேன். மருத்துவமனையில் கட்டிலுக்குப் போடுகிற சிவப்பு ரப்பர் விரிப்பு. கழுவி, பவுடர் போட்டு, விரிசல் இல்லாமல் மடித்து வைத்திருந்தது.

"மவனுக்கு வாங்கினது. எஸ்டேட் ஆசுபத்திரி டிரஸர்ட்ட கெஞ்சி வாங்கினேன். நல்ல ரப்பருமா, இன்னும் இருபது வருசம் வரும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "லயத்து வீடு எல்லாத்துக்கும் ஒரே பைப்பு. விடியுமுன்ன பேர் கூப்புடுற பெரட்டுக்குப் போவணும், அதுக்குள்ள பாயக் கழுவணும். அத்தினி பேரும் வாளியோட நின்னு பார்ப்பாளுங்க. நான் பட்டுட்டேன். நீ ஏன் படணும்? இது உனக்கும் எனக்கும் மட்டும்."

நான் அந்த விரிப்பை வாங்கி என் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து இரண்டு வருடம் கழித்துச் சின்னவளுக்கு அந்தப் பழக்கம் தானாக நின்றது. அதுவரைக்கும் அந்த விரிப்பு அவளுக்குத்தான் பயன்பட்டது. ஒரு காலைநேரம் அலுவலகத்தில் எனக்குப் போன் வந்தது. பக்கத்துக் கடையிலிருந்து அவளே கூப்பிட்டிருந்தாள். "சின்னம்மா, ஒரு மாசம் ஆச்சு. ஆப்பரேட்டர் நிரந்தரமாச் சேர்ந்துட்டாங்க" என்றாள்.

காரணம் எது என்பதில் இன்றுவரை ஒற்றுமை இல்லை. அக்கா எள்ளுருண்டை என்கிறாள். அத்தான் தண்ணீர்ப் பானை என்கிறார். மக்சிக்குக்குச் சந்தேகமே இல்லை, தும்பிதான். அது கடித்தது என்னைத்தானே என்றால், பிள்ளை உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளே, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் என்கிறார். தௌக்கே வேலியில் மெத்தை இல்லாததைப் பார்த்துவிட்டு, நல்ல தகரம் போட்டால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இப்போது 1988. சின்னவள் பதினான்கு வயதுப் பெண். இதை எழுதலாமா என்று கேட்டேன். பேரைப் போடாமல் எழுதுங்கள் என்றாள். ஆறு வருடத்தில் என் மாமியார், வாயில் எதுவும் தங்காது என்று பெற்ற மகனே சொன்னவர், குட்டைக்கரையில் பார்த்ததை ஒரு ஆளிடம்கூடச் சொல்லவில்லை. அன்று கூடவே நின்று பார்த்த என் நாத்தனாரிடம்கூட, அது வயிற்றுவலிக்குச் செய்த வைத்தியம் என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். நாங்கள் அவர் வீட்டில் தங்கும்போதெல்லாம், படுக்கப் போகும் நேரத்தில் என் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் ஜாடியை யாரும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒருநாள்கூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை நினைத்து, ஒவ்வொரு முறையும் சொல்லாமலே திரும்பியிருக்கிறேன். இது அச்சில் வந்தால் நாத்தனார் வாசித்துக் காட்டிவிடுவார், அதனால் இந்த வாரம் நானே போய்ச் சொல்லப் போகிறேன். என்னிடம் ஒரு குறை இருப்பதாக முழுசாக நம்பிக்கொண்டே ஒருவர் என்னை வீட்டுக்கு அழைத்துக்கொண்டார் என்பது, அங்கே தாகத்தோடு படுக்கிற ஒவ்வொரு ராத்திரியும் எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர் இனிமேல் அந்த ஜாடியை எடுக்காமல் விட்டுவிடுவாரோ என்பது ஒன்றுதான் இப்போது என் கவலை.